குகெல்: பந்து என்ற பெயர், தட்டில் சதுரத் துண்டு

கேட்கப்பட்டது இது: யூதர்களின் குகெல் என்று தேடினால் ஒரு செய்முறையில் பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் போட்ட இனிப்பு நூடுல்ஸ் வருகிறது, இன்னொன்றில் வெங்காயம் சேர்த்துச் சுட்ட உருளைக்கிழங்கு, மூன்றாவதில் சர்க்கரைப் பாகும் மிளகும் கலந்த, கரும்பழுப்பாக உயர்ந்து நிற்கும் ஒன்று. இதில் எது உண்மையான குகெல்? பெயருக்குப் பந்து என்று பொருள் சொல்கிறார்கள், படத்தில் எல்லாம் சதுரமாக இருக்கிறதே? சிலர் கிகெல் என்கிறார்களே, அது வேறு பண்டமா?

மூன்றும் குகெல்தான், கிகெலும் அதே பண்டம்தான். மாவுச்சத்துள்ள ஏதோ ஒன்று, முட்டை, கொழுப்பு, நீண்ட நேரச் சூடு, இவை சேர்ந்தால் குகெல். இதை வெறும் புட்டிங் என்று மொழிபெயர்த்து நகர்ந்துவிட்டால் இதன் உயிர் கைக்கு அகப்படாது. இந்தப் பண்டத்துக்கு உருவம் கொடுத்தது ஒரு மதச் சட்டம். அதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

யூதர்களின் ஓய்வுநாளான சபாத், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குச் சற்று முன் தொடங்கி சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஏறத்தாழ 25 மணி நேரம். அந்த நாளில் வீடுகளில் நெருப்பு மூட்டக்கூடாது என்று பைபிளின் யாத்திராகமம் 35-ஆம் அதிகாரம் சொல்கிறது. சமைப்பதும் தடை. ஆனால் முந்தின நாளே மூட்டிவைத்த நெருப்பு தானாக எரிந்துகொண்டிருந்தால்? இருக்கலாம், அதன்மேல் முன்பே ஏற்றிவைத்த சாப்பாடு சூடாகவும் இருக்கலாம் என்பது யூத மத அறிஞர்களான ரபிகளின் தீர்ப்பு. ரபிகளின் வாய்மொழி மரபை ஏற்காத காராயிட் பிரிவினர் இதை மறுத்தார்கள். சபாத்தில் வீட்டில் நெருப்பே எரியக்கூடாது என்றார்கள்; விளக்கும் இல்லாமல், ஆறின சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். அதனால் சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிடுவது நாவின் விருப்பத்தோடு நிற்காமல், நீ எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் அடையாளமாகவே ஆனது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ப்ரொவான்ஸ் அறிஞர் செராஹியா ஹா-லேவி, சபாத்தில் சூடான உணவை ஒதுக்குகிறவனின் நம்பிக்கையைச் சந்தேகிக்க வேண்டும் என்றே எழுதினார்.

அந்தச் சூடான சாப்பாட்டுக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் வைத்த பெயர் சோலென்ட். பீன்ஸ், பார்லி, இறைச்சி, எலும்பு எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்து, ஊர் ரொட்டிக்கடையின் அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பில் இருபது முப்பது வீட்டுப் பானைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் தொழுகை முடிந்து வரும் வழியில் அவரவர் பானையை எடுத்துக்கொள்வார்கள்.

குகெல் பிறந்தது அந்தப் பானைக்குள். இடைக்கால ஜெர்மன் நிலப்பகுதியில், பழைய ரொட்டித் தூளையோ மாவையோ கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, உருட்டி, சோலென்டின் மேலே வைத்தார்கள். இரவு முழுக்க அது கீழிருந்து வரும் ஆவியில் வெந்து, இறைச்சியின் சாரத்தையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். ஜெர்மன் மொழியில் குகெல் என்றால் உருண்டை. பானையைத் திறந்தால் உள்ளே ஓர் உருண்டை. பெயர் அவ்வளவு நேரடியானது.

பிறகு முட்டை கூடியது, கலவை இளகியது. இளகிய கலவை குழம்பில் கரைந்துவிடாமல் இருக்க, அதை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிப் பெரிய பானைக்குள் இறக்கிவைத்தார்கள். 1846-இல் லண்டனில் வெளிவந்த, ஆங்கிலத்தின் முதல் யூதச் சமையல் நூலிலும் குகெல் தனி உணவாக வரவில்லை. பீன்ஸும் இறைச்சியும் வேகும் பானையோடு சேர்த்தே அதன் செய்முறை சொல்லப்படுகிறது. கிண்ணம் வட்டமாக இருந்தவரை பெயரும் உருவமும் ஓரளவு ஒத்துப்போயின. குகெல் அந்தப் பானையைவிட்டு வெளியேறி, தனித் தகரத் தட்டில் அடுப்புக்குள் போனபோது வட்டம் போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. மேல்பக்கம் மொறுமொறுப்பாக வருவதும் அப்போது கிடைத்த வரம்தான். பானைக்குள் இருந்த குகெலுக்கு ஆவியின் மென்மை மட்டுமே உண்டு.

அஷ்கெனாசி யூதர்களின் மொழியான யித்திஷைப் பேசியவர்களுக்கு இந்தச் சொல் கேட்டதும் நினைவுக்கு வந்தது சாப்பாடுதான். ஜெர்மனில் துப்பாக்கிக் குண்டையும் குகெல் என்பார்கள். யித்திஷில் அதற்குக் கொய்ல் என்ற சொல் இருக்கிறது. பக்தர்கள் இன்னொரு விளக்கமும் வைத்திருந்தார்கள்: ஹீப்ரூவில் கெ-இகுல் என்றால் வட்டம்போல என்று பொருள், அதுதான் குகெல் ஆயிற்று என்று. சொல்லாராய்ச்சி இதை ஏற்காது. ஆனாலும் அடுப்பங்கரைச் சொல் ஒன்றுக்குப் புனித மொழியில் வேர் தேடும் அளவுக்கு அவர்கள் அதை நேசித்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

அடுத்தது நூடுல்ஸ். யித்திஷில் லோக்ஷென். லக்ஷா என்ற பாரசீகச் சொல் துருக்கிய மொழிகள் வழியாக ஸ்லாவிய மொழிகளுக்கு வந்து, அங்கிருந்து யித்திஷுக்குள் நுழைந்தது. ரொட்டித் தூள் இருந்த இடத்தில் லோக்ஷென் வந்ததும் லோக்ஷென் குகெல். பெயரின் முதல் பாதி கிழக்கிலிருந்தும் மறு பாதி ஜெர்மனியிலிருந்தும் வந்து ஒரே தட்டில் அமர்ந்திருக்கிறது.

உருளைக்கிழங்கு வெகு பின்னால் வந்தது. கிழக்கு ஐரோப்பாவின் ஏழை வீடுகளில் அது அன்றாட உணவாக நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். யித்திஷில் ஒரு நாட்டுப்பாடல் உண்டு: ஞாயிறு உருளைக்கிழங்கு, திங்கள் உருளைக்கிழங்கு என்று வெள்ளிவரை ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு போய், சபாத்துக்கு மட்டும் ஒரு புதுமை, உருளைக்கிழங்கு குகெல் என்று சொல்லிவிட்டு, மறுபடி ஞாயிறு உருளைக்கிழங்குக்கே திரும்பும். கையில் இருப்பது அதே கிழங்கு. ஆனாலும் சபாத்துக்கு அது வேறு உருவில் வந்தாக வேண்டும். முட்டையும் கொழுப்பும் சேர்த்து நிதானமாகச் சுட்டால் அன்றாடக் கஞ்சி விருந்தாகிறது. குகெலைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனை தகவல்களிலும் இந்தப் பாடல் சொல்வதுதான் அதன் நடுவம் என்பேன். சபாத்தில் குகெல் தின்றவனுக்கு வாரம் முழுக்கப் பசிக்காது என்ற யித்திஷ் பழமொழியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வாரம் முழுக்கப் பசியை அறிந்தவர்கள் சொன்ன பழமொழி அது.

இனி கிகெல். யித்திஷ் ஒரே சீராகப் பேசப்பட்ட மொழி அல்ல. லித்துவேனியா, பெலருஸ் பக்கத்து யூதர்கள் உகரமாகச் சொல்வதை, போலந்து, கலீசியா, உக்ரைன் பக்கத்தவர்கள் இகரமாகச் சொல்வார்கள். அங்கே குட் ஷபெஸ் என்ற சபாத் வாழ்த்து, இங்கே கிட் ஷபெஸ். பக்தியுள்ளவன் அங்கே ஃப்ரும், இங்கே ஃப்ரிம். அதே வழியில் குகெலும் கிகெல் ஆயிற்று. ஒருவர் வாயில் எந்த உயிரெழுத்து வருகிறது என்பதை வைத்தே அவர் பாட்டி எந்தப் பக்கத்தவர் என்று சொல்லிவிடலாம்.

இதில் நாவும் சேர்ந்துகொள்கிறது. மொழியியலாளர் மார்வின் ஹெர்சோக் வட போலந்தின் யித்திஷை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் கண்டு சொன்னார்: மீனைச் சர்க்கரை போட்டுச் சமைப்பவர்களையும் மிளகு போட்டுச் சமைப்பவர்களையும் பிரிக்கும் எல்லைக்கோடும், இரண்டு வட்டார வழக்குகளைப் பிரிக்கும் கோடும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. குகெலுக்கும் இது பொருந்தும். கிகெல் என்பவர்கள் இனிப்புப் பக்கம், குகெல் என்பவர்கள் உப்பும் மிளகும். இனிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பீட் சர்க்கரை. 1801-இல் சிலேசியாவின் குனெர்ன் என்ற ஊரில் முதல் பீட் சர்க்கரை ஆலை எழுந்தது. அந்த நூற்றாண்டிலேயே போலந்திலும் ஆலைகள் பெருகின. சர்க்கரை சாதாரண வீட்டுக்கும் எட்டும் பொருளானது. லித்துவேனிய யூதர்கள் அந்த இனிப்பைக் கடைசிவரை ஏற்கவில்லை.

இந்த வரைபடம் எப்படி வரையப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஊரியெல் வைன்ரைக் தொடங்கிய அஷ்கெனாசி யூதர்களின் மொழி, பண்பாட்டு வரைபடத் திட்டத்துக்காக 1959 முதல் நேர்காணல்கள் நடந்தன. சாதாரணமாக மொழியியலாளர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்பார்கள். இங்கே போய்க் கேட்க ஊர்களில் யூதர் இல்லை, நாஜிகள் அழித்துவிட்டார்கள். அதனால் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் வாழ்ந்த, அந்த ஊர்களில் பிறந்தவர்களைத் தேடிப்பிடித்து, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள், எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டு, நினைவிலிருந்து வரைந்தார்கள். குகெல், கிகெல் என்ற வேறுபாடு வெறும் உச்சரிப்பு வேடிக்கை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். இல்லாமல் போன ஊர்களின் முகவரி அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

ஹசிதிய யூதர்களிடம் குகெல் இன்னும் ஒரு படி மேலே போனது. 18-ஆம் நூற்றாண்டில் உக்ரைன் பகுதியில் எழுந்த இந்தப் பக்தி இயக்கத்தில், குருவான ரெபெயின் சாப்பாட்டு மேசையே ஒரு வழிபாடு. அவர் தொட்டுச் சிறிது உண்டபின் மீதி சீடர்களிடையே பகிரப்படும். அதை ஷிராயிம் என்பார்கள். ஒரு விரலளவுத் துண்டுக்காக நூற்றுக்கணக்கான கைகள் நீளும். அப்படிப் பகிரப்படுவதில் குகெலுக்குத் தனி மதிப்பு. நூடுல்ஸ் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது ஒற்றுமையின் அடையாளம் என்று விளக்கம் சொல்வார்கள். பைபிளில் வானத்திலிருந்து விழுந்த உணவான மன்னாவையும் இதோடு சேர்ப்பதுண்டு: வனாந்தரத்தில் மன்னாவுக்குக் கீழும் மேலும் பனி மூடியிருந்தது என்ற மரபின்படி, மேலும் கீழும் மூடிய பாஷ்டிதா என்ற பண்டத்தைச் சபாத்தில் உண்ணும் பழக்கம் அஷ்கெனாசிகளிடம் இருந்தது, குகெலும் அந்த நினைவின் பங்காளியானது.

எருசலேம் குகெல் தனிக் கிளை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய அஷ்கெனாசி பக்தர்களிடையே உருவானது. வில்னா காவோன் என்ற லித்துவேனிய மேதையின் சீடர்கள் கொண்டுவந்தார்கள் என்று மரபுவழிக் கதை. இனிப்பும் மிளகும் அடித்துக்கொண்ட அந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இந்த ஒரே தட்டில் சமாதானமாகிவிட்டன: நன்றாகக் கருக்கிய சர்க்கரை, கைநிறைய மிளகு. சனிக்கிழமை காலைத் தொழுகைக்குப் பின் கனத்த துண்டாக வெட்டி, ஊறவைத்த வெள்ளரியோடு கொடுப்பார்கள். குகெலில் ஒன்றே ஒன்றைத்தான் சுவைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் குகெல் இனிப்புப் பலகாரமாகச் சாய்ந்தது. காட்டேஜ் சீஸ், புளித்த க்ரீம், மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ். இணையத்தில் பெரும்பாலும் தென்படுவது இதுதான். இதை மட்டும் பார்த்துவிட்டுக் குகெல் என்றால் இனிப்பு என்று முடிவுகட்டக் கூடாது. யூத உணவுச் சட்டப்படி இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது. ஆகவே பால் சேர்ந்த குகெலுக்கு இடம் இறைச்சியில்லாத வேளைகளில் மட்டுமே. பால் உணவு உண்ணும் ஷவுஓத் பண்டிகையில் அது பொருத்தமாக வந்து அமரும். பழைய குகெலின் கொழுப்பு வாத்து அல்லது கோழியின் கொழுப்பை உருக்கி எடுத்த ஷ்மால்ட்ஸ். 1911-இல் க்ரிஸ்கோ என்ற தாவர வனஸ்பதி சந்தைக்கு வந்தபோது, இறைச்சியோடும் பாலோடும் சேரும் கொழுப்பு என்று யூத வீடுகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தார்கள். 1933-இல் யித்திஷும் ஆங்கிலமும் கலந்த செய்முறைப் புத்தகமே அச்சிட்டார்கள். இன்று பல வீடுகளில் வெறும் எண்ணெய்தான். புளிப்பை விலக்கும் பெசாக் பண்டிகையில் சாதாரண நூடுல்ஸ் ஆகாது என்பதால் அந்த வாரம் உருளைக்கிழங்கு குகெலின் ராஜ்யம்.

லித்துவேனியாவில் கிறிஸ்தவர்களும் இதே பண்டத்தைக் குகெலிஸ் என்ற பெயரில் தேசிய உணவுபோலக் கொண்டாடுகிறார்கள், பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்த்து. தென்னாப்பிரிக்காவில் இதே சொல் வசதியான வீட்டுச் செல்லமான யூத இளம்பெண்ணைக் குறிக்கும் கேலிச்சொல். கொச்சி யூதர்களிடமும் குகெல் உண்டா என்று கேட்கத் தோன்றலாம்: அவர்கள் அஷ்கெனாசிகள் அல்ல, அவர்கள் மொழியும் யூத மலையாளம். குகெல் அவர்கள் மரபுப் பண்டம் அல்ல.

செய்து பார்க்க விரும்பினால் உருளைக்கிழங்கு குகெலில் தொடங்குங்கள். 2 கிலோ கிழங்கு, 2 பெரிய வெங்காயம், 6 முட்டை, 120 மி.லி. எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள். ஓவன் அடுப்பை 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, 23-க்கு 33 செ.மீ. தட்டில் பாதி எண்ணெயை ஊற்றி உள்ளே வைத்துவிடுங்கள். முட்டையை உப்பு, மிளகு, மீதி எண்ணெயோடு அடித்துத் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் கிழங்கைத் துருவ வேண்டும். துருவிய கிழங்கு காற்று பட்டதும் நிறம் மாறத் தொடங்கிவிடும். வெங்காயத்தையும் கிழங்கையும் மாற்றி மாற்றித் துருவினால் அந்தக் கறுப்பு மட்டுப்படும். தண்ணீர் அதிகம் விட்டால் லேசாகப் பிழியுங்கள், ஆனால் அடியில் படியும் வெள்ளை மாவைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். துண்டு உடையாமல் நிற்க அது உதவும். கலந்ததை அந்தச் சூடான எண்ணெய்த் தட்டில் ஊற்றும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாகாது. ஒன்றேகால் மணி நேரம், மேலே நன்றாகச் சிவக்கும்வரை. இதன் பிறகு இறுக மூடி, 95 அல்லது 100 டிகிரியில் இரவு முழுக்க விட்டால் உள்ளே முழுவதும் செம்பழுப்பாகிச் சுவை ஆழமாகும். பழைய ரொட்டிக்கடை அடுப்பின் ருசிக்கு வீட்டில் இதுவே வழி.

எருசலேம் குகெலுக்கு 400 கிராம் மெல்லிய முட்டை நூடுல்ஸ், நம் சேமியா பருமனுக்கு. வேகவைத்து வடித்துச் சூடாகவே வைத்திருங்கள். கனமான பாத்திரத்தில் 120 மி.லி. எண்ணெயும் 150 கிராம் சர்க்கரையும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை எண்ணெயில் கரையாது, அடியில் தனியாக உருகி நிறம் மாறும், பயப்பட வேண்டாம். கருஞ்சிவப்பு வந்ததும் இறக்கி நூடுல்ஸில் ஊற்றிக் கிளறுங்கள். தெறிக்கும், கை ஜாக்கிரதை. பாகு அங்கங்கே கட்டி பிடித்தாலும் கிளறக் கிளறப் பெரும்பாலும் கரைந்துவிடும், மீதி சுடும்போது உருகும். நன்றாக ஆறிய பிறகே 4 முட்டை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி புதிதாகப் பொடித்த மிளகு. சூட்டில் சேர்த்தால் முட்டை பொரியலாகிவிடும். 175 டிகிரியில் ஒரு மணி நேரம். மிளகைக் குறைக்காதீர்கள், காரம் இல்லையென்றால் வெறும் இனிப்பு நூடுல்ஸ்தான் மிஞ்சும்.

சாப்பிடுமுன் சொல்லும் ஆசீர்வாதமும் இந்த இரண்டுக்கும் வேறு வேறு. நூடுல்ஸ் குகெலுக்குத் தானிய உணவுக்கு உரியது. உருளைக்கிழங்கு குகெலுக்கு நிலத்தின் விளைச்சலுக்கு உரியதா, துருவிக் கரைத்ததால் உருவம் இழந்த உணவுக்கு உரிய பொது ஆசீர்வாதமா என்று ரபிகளிடையே இரண்டு கருத்து உண்டு. யூத நண்பர் வீட்டில் பரிமாறப் போகிறீர்கள் என்றால் அவர்கள் வழக்கம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.